ஐந்தாவது தாள்

போன கிழமை இரண்டு பேர் என் கடைக்கு வந்து, ஒரு பத்திரிகைத் துண்டை நூற்றைம்பது கொப்பி எடுத்துத் தரச் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தேன். அரைப் பக்கக் கட்டுரை. நடுவில் வினாயகமூர்த்தியின் படம்: கறுப்புக் கோட்டு, அளந்து வைத்த சிரிப்பு, முதுகுக்குப் பின்னால் சட்டப் புத்தக அலுமாரி. ‘அந்தரங்கத்தின் காவலர்’ என்று தலைப்பு. அவர் படித்த பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழாவாம், வருகிறவர்களுக்குக் கொடுக்கவாம். மெசின் பழுது என்றேன். சொல்லும்போதே மெசின் யாரோ ஒருவருடைய அடையாள அட்டையைக் கொப்பி எடுத்துத் துப்பிக்கொண்டிருந்தது. அவர்கள் மெசினைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தத் துண்டைப் பிடித்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். அப்படியொரு அருவருப்பு. மீன் வெட்டின கைகூட இரண்டு தரம் கழுவினால் சரியாகிவிடும். இது போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கட்டுரையில் பொய் ஒன்றுமில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். நாவற்குடாவில் பிறந்தவர், உண்மை. பதினெட்டு வருடம் அரச சட்டத்தரணி, உண்மை. பிறகு கொழும்பில் அமைச்சு ஆலோசகர், சட்டம் எழுதின குழுவில் உறுப்பினர், வெளிநாட்டில் மூன்று மாதப் பயிற்சி, கடைசியில் அந்தரங்கத் தகவல் காப்பு ஆணைக்குழுவுக்குத் தலைவர். எல்லாம் உண்மை. ஒரு தாயின் கண்ணீர்தான் தன்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று அவர் சொன்னதாகவும் போட்டிருக்கிறது. அதுவும் ஒரு வகையில் உண்மைதான். அந்தக் கண்ணீர் யாரால் வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

விட்ட பாகத்தை நான் எழுதுகிறேன். தாயின் பெயரைக் கேதீஸ்வரி என்று மாற்றி வைத்திருக்கிறேன். மகளுக்குப் பெயரே வைக்கப்போவதில்லை. ஊரைச் சொல்லமாட்டேன், வருடத்தைச் சொல்லமாட்டேன். என் பெயர் சுலோஜனா, அது உண்மை. வினாயகமூர்த்தியின் பெயரும் உண்மை. அவருடைய பெயரை மாற்றி அவருக்கு உபகாரம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

என் கடை மட்டக்களப்பு நகரத்தில், நீதவான் கோட்டுக்கு எதிர்ப்புறம். முப்பத்தொரு வருடமாகப் போட்டோக் கொப்பி எடுக்கிறேன். பிறப்புப் பத்திரம், இறப்புப் பத்திரம், காணி உறுதி, ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் எல்லாம் என் மெசின் கண்ணாடியில் குப்புறப் படுத்து எழும்பிப் போயிருக்கின்றன. நான் வாசிப்பதில்லை. தாளைக் கவிழ்த்து வைப்பதுதான் என் தொழில். கவிழ்த்த தாளைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கில்லை. இதை எந்தச் சட்டமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வினாயகமூர்த்தி அரச சட்டத்தரணியாக இங்கே வந்தபோது வாலிபப் பிள்ளை. என் கடைக்குப் பின் ஒழுங்கையில் அவருடைய கந்தோர். என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தங்கமான மனிசன் என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கோட்டுக்கு எத்தனை பிரதி தேவையோ, அதைவிட ஒரு செட் கூட எடுப்பிப்பார். கைகாவலுக்கு ஒன்று கிடக்கட்டும் என்பார். கோட்டில் ஒரு தாள் குறைந்து நீதவான் ஒரு முறை முகம் சுளித்ததிலிருந்து வந்த பயம் அது. அந்தக் கைகாவல் செட்டுகளெல்லாம் அவருடைய அலுமாரியில் வருடக்கணக்காக ஏறிக்கொண்டு போயின.

கேதீஸ்வரி அக்காவின் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஊரில் செல்வாக்கான ஒரு மனிதன் மீது அந்தப் பிள்ளை முறைப்பாடு கொடுத்திருந்தது. என்ன முறைப்பாடு என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கும். வாக்குமூலம் ஐந்து பக்கம். அதையும் நான்தான் கொப்பி எடுத்தேன், ஒரு கைகாவல் செட்டோடு. வழக்கு இரண்டு வருடம் இழுபட்டு, சாட்சி மாறி, கைவிடப்பட்டது. மகளும் தாயும் அதை முழுங்கிக்கொண்டார்கள். பிறகு பக்கத்து ஊரில் ஒரு நல்ல இடம் பொருந்தி வந்தது. தாலிக்குப் பொன் உருக்கக் கொடுத்தாயிற்று.

அந்த நேரம்தான் வினாயகமூர்த்திக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. பதவி உயர்வு. ஒரே நாளில் கந்தோரை ஒழித்துக் கொடுக்க வேண்டும். பழையதையெல்லாம் அகற்று என்று பியோனிடம் சொல்லிவிட்டு பிரியாவிடையில் மாலை போட்டுக்கொள்ளப் போய்விட்டார். பியோன் என்ன செய்வான். பழைய பேப்பர் எடுக்கிற வண்டிக்காரனைக் கூப்பிட்டு அலுமாரியைக் கவிழ்த்துவிட்டான். பழைய பேப்பர் எங்கே போகும் என்று இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். கச்சான், அதுதான் வறுத்த நிலக்கடலை, விற்கிறவர்களிடம் போகும். அவர்கள் அதைக் கிழித்துச் சுருட்டிச் சரை செய்து, அதற்குள் கச்சானைப் போட்டு பஸ் யன்னலால் நீட்டுவார்கள். நாம் கச்சானைத் தின்றுவிட்டு, பஸ் வெளிக்கிடும்வரை சரையை விரித்து வாசிப்போம். பரீட்சை விடை, வங்கிக் கடிதம், எதுவென்றாலும் வாசிப்போம். நானும் வாசித்திருக்கிறேன்.

செங்கலடிச் சந்தியில் ஒருவன் வாங்கின கச்சான் அந்த வாக்குமூலத்தின் முதலாம் பக்கத்தில் சுற்றியிருந்தது. பெயர், வயது, ஊர், தகப்பன் பெயர் எல்லாம் முதலாம் பக்கத்தில்தான் இருக்கும். அவன் அந்தத் தாளை மடித்து ஊருக்குக் கொண்டுபோனான். மூன்று நாளில் கல்யாணம் நின்றது. உருக்கின பொன் தட்டாரிடமே கிடந்தது.

கேதீஸ்வரி அக்கா எப்படியோ அந்தத் தாளைக் கைப்பற்றி என் கடைக்குக் கொண்டுவந்தா. அதுவரை அவவை எனக்குத் தெரியாது. வயல் வேலை செய்து கறுத்துப்போன மனிசி, புருசன் இல்லை. தாளை மேசையில் கவிழ்த்து வைத்து, இடது ஓரத்தை மட்டும் விரலால் தூக்கிக் காட்டினா. இது உங்கட மெசினா என்று கேட்டா. என் மெசினின் உருளையில் அந்தக் காலத்தில் ஒரு கீறல் இருந்தது. அது ஒவ்வொரு கொப்பியிலும் இடது ஓரத்தில் மயிர்போல ஒரு கறுப்புக் கோடு போடும். அந்தக் கோடு இருந்தது. ஓம் என்றேன். அடியில் 1/5 என்று போட்டிருந்தது.

“மற்ற நாலும் எங்க, புள்ள?” என்று கேட்டா.

 வினாயகமூர்த்தி அந்தச் சனிக்கிழமை பெட்டி கட்ட நாவற்குடா வீட்டுக்கு வந்திருந்தார். நான்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல மனிசன், கேட்டால் ஏதாவது செய்வார் என்று நம்பினேன். கதிரை போட்டு இருத்தினார், தேத்தண்ணி வந்தது, பிஸ்கட் வந்தது. தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருடைய முகம் ஒரு கணம் வெளிறினதை நான் கண்டேன். பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூலப் பிரதி பைலில் பத்திரமாக இருக்கிறது, இது எங்கிருந்து வந்ததென்று தனக்குச் சொல்ல முடியாது என்றார். வேண்டுமானால் முறைப்பாடு கொடுக்கலாம், விசாரிப்பார்கள் என்றார்.

“ஆனா எழுத்தில தரவேணும். அந்தத் தாளிட பிரதி மூண்டும் இணைக்கவேணும்” என்றார்.

மூன்று பிரதி. ஒரு பிரதி வெளியே போனதால் குடி கெட்டவளிடம், அதையே மூன்றாக்கிக் கொண்டுவா என்று அந்த மனிசன் சொன்னார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். முறை அதுதான் என்றார். கேதீஸ்வரி அக்கா தாளை இடுப்பில் செருகிக்கொண்டு எழும்பினா. அவவுடைய தேத்தண்ணி அப்படியே இருந்தது. நான் என்னுடையதைக் குடித்து முடித்திருந்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகளை அக்கா வேறொரு மாவட்டத்தில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு அனுப்பினா. பிள்ளை அங்கே படித்து, ஆசிரியையாகி, அங்கேயே கல்யாணம் கட்டி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறது. புருசன் வீட்டாருக்கு ஒன்றும் தெரியாது. ஊர்ப் பக்கம் அது திரும்பி வரவேயில்லை. அக்காதான் வருடத்தில் இரண்டு தரம் போய்ப் பார்த்துவிட்டு வருவா.

மகளை அனுப்பின கையோடு அக்கா நாலு தாளைத் தேடத் தொடங்கினா. முதலில் கச்சான்காரரிடம் போய், உங்களிடமுள்ள கந்தோர்த் தாளைத் தாங்க, நான் புதுக் கொப்பித் தாள் தாறன் என்று கேட்டா. சிரித்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். பழைய பேப்பர்க் கடைக்காரர்கள் மட்டும் சும்மா வருகிறவளைக் கட்டுகளைக் கிளற விடவில்லை. அதனால் அக்கா வயல் வேலையை விட்டுவிட்டு, மண்ணில் கச்சான் வறுக்கப் பழகி, தானே கச்சான்காரியாகிவிட்டா. இந்தக் காரணத்துக்காகக் கச்சான் விற்ற ஆள் உலகத்திலேயே அவ ஒருத்தியாகத்தான் இருக்கும். ஏறாவூரில் உசனார் என்று ஒரு பழைய பேப்பர்க் கடைக்காரர். காரணம் கேட்காமல், பேப்பர்க் கட்டுகள் அடுக்கியிருந்த பின்பக்கத்து மடுவத்தைத் திறந்துவிட்டார். அவருக்கு என் வாயால் நான் ஒன்றும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. அப்படியும் மனிசர் இருக்கிறார்கள்.

இரண்டாம் தாள் எட்டு மாதத்தில் அந்த மடுவத்திலேயே அகப்பட்டது. மூன்றாம் தாள் காத்தான்குடியில் ஒரு கடையின் தட்டுக்கு விரித்திருந்தது. நாலாம் தாளுக்கு ஆறு வருடம் பிடித்தது. ஒவ்வொன்றும் கிடைத்தவுடன் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, அடுத்த நாள் கடைக்கு வந்து, ஒண்டு கிடைச்சிட்டு என்று மட்டும் சொல்லுவா. ஐந்தாம் தாள் மட்டும் கிடைக்கவில்லை. அது மகளின் கையெழுத்து உள்ள தாள். அது எப்போதோ மழையில் கரைந்திருக்கும் என்று நான் பல தரம் சொன்னேன். கரைஞ்சதை நான் காணவேணுமே என்பா.

மற்றவர்களுடைய தாளை அக்கா ஒருநாளும் சரைக்குப் பாவித்ததில்லை. அவவுடைய கச்சான் வெள்ளைக் கொப்பித் தாளில்தான் வரும். தேடி முடித்த தாளைத் திருப்பி விற்கவும் மாட்டா. அதில் இன்னொருத்தியின் பிள்ளை இருக்கும் என்பா. சாக்கில் கட்டி வைத்து, கோடை வந்ததும் வளவுக்குள் எரிப்பா. மாரி மழையில் எரிக்க முடியாது, அதனால் மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்குள் சாக்குகள் சேர்ந்துவிடும். அந்த வருடம் பதினொரு சாக்கு சேர்ந்திருந்தது. வினாயகமூர்த்தியின் ஆணைக்குழுவிலிருந்து ஆட்கள் வந்ததும் அந்த மாரிக்குள்தான்.

ஆணைக்குழு தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒரு தொலைபேசிக் கம்பனியிடமிருந்து லட்சக்கணக்கான பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போய்விட்டதென்று அந்த வருடம் ஊரெல்லாம் கதை. வினாயகமூர்த்தி அந்தக் கம்பனிக்கு ஓர் ஆலோசனைக் கடிதம் அனுப்பினார். ஆலோசனை. அவ்வளவுதான். ஆணைக்குழு தூங்குகிறதா என்று பத்திரிகைகள் கேட்கத் தொடங்கின. அந்த நேரம் பார்த்து, மட்டக்களப்பில் கச்சான் சரையில் தன்னுடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததென்று ஒருவர் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டார். கொழும்பிலிருந்து மூன்று வாகனம் வந்தது. நாலு கச்சான்காரரை விசாரித்தார்கள். ஆகக் கூடுதலாகத் தாள் வைத்திருப்பவள் கேதீஸ்வரி என்று நாலு பேரும் கை காட்டினார்கள்.

பதினொரு சாக்கையும் முற்றத்தில் அடுக்கி, பக்கத்தில் அக்காவை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கிழக்கில் பாரிய தகவல் களஞ்சியம் பிடிபட்டது என்று செய்தி வந்தது. அவவின் முகத்தை மட்டும் மங்கலாக்கிப் போட்டார்கள், அந்தரங்கம் காப்பவர்கள் அல்லவா. ஏன் இவ்வளவையும் சேர்த்து வைத்தாய் என்று மூன்று நாள் கேட்டார்கள். அக்கா வாயே திறக்கவில்லை. வாயைத் திறந்தால் மகளல்லவா வெளியே வருவாள். பதில் சொல்லாததும் குற்றம், அதற்குச் சட்டத்தில் மறியல் தண்டனை இருக்கிறது, சிறையில் போடலாம் என்றார்கள். வினாயகமூர்த்தி நேரடியாக வந்து நகரத்தில் பகிரங்க விசாரணை நடத்துவார் என்று அறிவித்தார்கள்.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டா. “நான் மறியலுக்குப் போனா மகளுக்கு நீ போன் பண்ணி, அம்மாக்குச் சுகமில்ல, வரத் தேவையில்ல எண்டு சொல்லு. வேற ஆரிட்டயும் ஒண்டும் கதைக்காத” என்றா.

நான் கதைத்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம், வாவிக் கரையில் அவர் தங்கியிருந்த அரச விடுதிக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தலை நரைத்திருந்தது, குரல் அதே மென்மை. சுலோஜனா அக்கா, இன்னும் கடை நடக்குதா என்று கேட்டார். எனக்குப் பழைய நம்பிக்கை எங்கேயிருந்தோ திரும்பி வந்தது. இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் பிடித்திருப்பது யாரை என்று தெரியுமா என்றேன். அன்றைக்கு உங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் போன மனிசி அவதான் என்றேன். அது உங்களுடைய கைகாவல் செட், சேர், என் மெசினின் கோடு அதில் இருந்தது என்றேன். நாலு தாள் கிடைத்த கதை, ஐந்தாவது கிடைக்காத கதை எல்லாம் சொன்னேன். அவரை இளக்க வேண்டும் என்ற ஆசையில் மகள் இப்போது எப்படி இருக்கிறாள் என்பதையும் சொன்னேன். இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றின பிள்ளை, சேர், வழக்கை விட்டுவிட்டுச் சாக்குகளை எரித்துவிடுங்கள் என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு சின்னச் சின்னக் கேள்விகள் கேட்டார். தாலிக்குப் பொன் உருக்கின பிறகா நின்றது? எந்தச் சந்தியில் அந்தச் சரை? மகள் என்ன பாடம் படிப்பிக்கிறாள்? ஒரு சின்னக் கொப்பியில் குறித்துக்கொண்டார். மனிசனுக்கு மனச்சாட்சி உறுத்துகிறது, அதுதான் கேட்கிறார் என்று நான் நினைத்தேன். மடைச்சி. அவர் பேச்சுக்குக் குறிப்பு எடுத்திருக்கிறார்.

“பெயர் வெளியில வராது, அக்கா. அதுக்கு நான் பொறுப்பு” என்றார்.

அடுத்த நாள் மண்டபம் நிரம்பிவிட்டது. பதாகை, குத்துவிளக்கு, மூன்று கமெரா. பதினொரு சாக்கும் மேடைக்கு ஏறிவிட்டன. கேதீஸ்வரி அக்காவை முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். வினாயகமூர்த்தி எழும்பி, இந்தப் பெண் மீதான நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று முதலே அறிவித்தார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கடைசி வரிசையில் இருந்து, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினேன்.

அதோடு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. காரணத்தைச் சொல்லுகிறேன் என்று தொடங்கினார். பல வருடத்துக்கு முன், செங்கலடிச் சந்தியில், ஒரு கச்சான் சரை என்றார். தாலிக்குப் பொன் உருக்கின பிறகு நின்றுபோன ஒரு கல்யாணம் என்றார். ஊர்த் தலைவர் ஒருவர் மீது பத்தொன்பது வயதுப் பிள்ளை கொடுத்த முறைப்பாடு என்றார். அந்தப் பிள்ளை இன்று வேறொரு மாவட்டத்தில் கணித ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். நான் கொடுத்தது ஒவ்வொன்றையும் அப்படியே எடுத்துப் பரிமாறினார். மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று அக்காவையும் என்னையும் தவிர இந்தப் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. அலுமாரியைச் சொல்லவில்லை. கைகாவல் செட்டைச் சொல்லவில்லை. மூன்று பிரதியைச் சொல்லவில்லை. அரச கந்தோர் ஒன்றின் கவனக்குறைவு என்றார், அந்தக் கந்தோர் எங்கேயோ ஆகாயத்தில் இருந்ததுபோல. அன்றைக்கு ஓர் இளம் சட்டத்தரணியாக அந்தத் தாயின் கண்ணீரைக் கண்டேன், அந்தரங்கம் என்றால் என்னவென்று அன்றுதான் படித்தேன் என்றார். என்னைச் சுற்றிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். 

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில், அந்தத் தாயை இந்த மேடைக்கு அழைக்கிறேன் என்றார். இரண்டு உத்தியோகத்தர்கள் போய்க் கேதீஸ்வரி அக்காவைக் கையில் பிடித்து எழுப்பினார்கள். அவ வர மறுத்தது பின்னாலிருந்த எனக்கே தெரிந்தது. கூச்சப்படுகிறா என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். மேடையில் பொன்னாடை விரித்து வைத்திருந்தார்கள். வினாயகமூர்த்தி அதை எடுத்து, இரண்டு கையாலும் அவவின் தோளில் போர்த்தி, கமெராப் பக்கம் திருப்பி நிறுத்தினார். இந்த முறை முகத்தை யாரும் மங்கலாக்கவில்லை. கௌரவிக்கிற முகத்தை மங்கலாக்குவார்களா?

நம்முடைய ஊரில் ஒரு பெண்ணைக் காட்டிக் கொடுக்கப் பெயர் எதற்கு? தாயைக் காட்டினால் போதாதா? இது நாவற்குடாவில் பிறந்த அந்த மனிசனுக்குத் தெரியாதா? தெரியாமல்தான் செய்தார் என்று அவருடைய ஆட்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். தெரியாமல் செய்தவரென்றால் அவர் அந்தக் கதிரையில் இருக்கத் தகுதியில்லை. தெரிந்து செய்தவரென்றால் மனிசரோடு இருக்கவே தகுதியில்லை. எது என்று எனக்கு இன்னும் முடிவில்லை, இரண்டிலும் துப்பத்தான் வருகிறது.

வாகனத்தில் ஏறப்போனவரை ஓடிப்போய் மறித்தேன். என்ன சேர் செய்தீங்க என்று கேட்டேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“நான் பெயர் சொல்லல்லையே, அக்கா” என்றார்.

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சாக்குகளை எரிக்கவுமில்லை. பதினொன்றையும் ஒரு லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். விழிப்புணர்வுக் கண்காட்சி வைக்கப்போகிறார்களாம். கண்ணாடிப் பெட்டிக்குள் தாள்களைப் பரப்பி வைத்து மாணவர்களுக்குக் காட்டுவார்களாம்.

வீடியோ அன்றைக்கே எல்லாருடைய போனிலும் ஓடியது. பொன்னாடை போர்த்தின கச்சான்காரி. மூன்று லட்சம் பேர் பார்த்ததாக என் கடைக்கு வந்த ஒருவர் பெருமையாகச் சொன்னார். ஊரில் பழைய கதை திரும்பக் கிளம்ப மூன்று நாள்கூட எடுக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம், அவர்கள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தா. கச்சான் கூடை கையில் இருந்தது. பொன்னாடையை நாலாக மடித்து, சூட்டுச் சட்டி இறக்கப் பிடிதுணியாக்கியிருந்தா. ஓரச் சரிகையில் கரி பிடித்திருந்தது. மகள் போன் பண்ணினதாகச் சொன்னா. பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை வீடியோவைக் காட்டி, இது உங்கட அம்மா மாதிரி இருக்கே என்று கேட்டாளாம். பின்னேரம் மாமியார் வீட்டிலும் பார்த்துவிட்டார்களாம். புருசன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டானாம். மகள் அழவில்லையாம். இனி இந்தப் பக்கம் வராதீங்க அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டதாம்.

அக்கா இதையெல்லாம் யாரோ வேறு வீட்டுக் கதைபோலச் சொன்னா. எனக்கு அவவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வினாயகமூர்த்தியிடம் போனது நான்தான் என்று நான் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, அந்தச் சாக்குகளைக் கண்காட்சிக்கு வைக்கக்கூடாதென்று கடிதம் எழுதுவோம் என்றேன். தேடும்போது கண்ணுக்குத் தப்பி ஐந்தாவது தாள் அதற்குள் இருந்தாலும் இருக்கும், நானே கொழும்புக்குப் போய் ஒவ்வொரு சாக்காகக் கிளறித் தேடித் தருகிறேன் என்றேன். பேசிக்கொண்டே போனேன்.

அக்கா கூடையிலிருந்து ஒரு வெள்ளைக் கொப்பித் தாளை எடுத்துச் சுருட்டி, ஒரு சுண்டு கச்சானைப் போட்டு, மேசையில் என் முன்னால் வைத்தா.

“அந்தச் சாக்குகளுக்க அது இல்ல, சுலோ” என்றா. “அஞ்சாவது தாள் இவ்வளவு நாளும் உன்ட வாய்க்குள்ளதான் இருந்திருக்கு.”